கேள்வி-பதில்: பழைய கணப்புக்குப் புது முகம்

போன தடவை எங்கள் வீட்டுக் கணப்படுப்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை வைத்தே இந்த வாரப் பகுதியை நிரப்பலாம் போலிருக்கிறது. மலையூர்களில் பனி இறங்கும் காலம். பலர் பழைய கணப்பைத் திரும்பப் பற்றவைக்கவும், அதற்குப் புது முகம் கொடுக்கவும் கிளம்பியிருக்கிறார்கள். எல்லோரும் 'ஃபயர் பிளேஸ்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்; நான் கணப்பு என்கிறேன். அதன் வாயைச் சுற்றியுள்ள மரம், கல், ஓடு எல்லாம் சேர்த்து முகப்பு. கடிகாரம் வைக்கிற பலகை மேல்பலகை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கணப்பின் செங்கல் முகப்பு அழுக்காக இருக்கிறது. ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு பிவிசி மார்பிள் ஷீட் வாங்கிவிட்டேன். பசை போட்டு மேலேயே ஒட்டினால் விறகுச் சூட்டைத் தாங்குமா?
— கொடைக்கானல் வாசகர்

தாங்காது. திருப்பி அனுப்புங்கள்.

தம்பி, எனக்கு எழுபத்தொரு வயது. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வாங்கிய வீடு. ஹாலில் செங்கல் கணப்பு. மகள் பிரசவத்துக்கு வருகிறாளே என்று அதைப் புதுப்பிக்க ஒருவரிடம் கொடுத்தேன். 'சார்கோல் பேனல்' போடலாம், கரியில் செய்தது, சூடு ஒன்றும் பண்ணாது என்றார். 38,000 ரூபாய் கூகுள் பேயில் கொடுத்தேன். மூன்றாவது நாள் தீ மூட்டியபோது பேனல் வளைந்து, கண் எரிகிற மாதிரி நாற்றம். இப்போது போனை எடுப்பதில்லை. பில் தரவில்லை.
— குன்னூர் வாசகி

அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வேலை தெரிந்தவர் என்று நம்பித்தான் ஒருவரை வீட்டுக்குள் விடுகிறோம். நெருப்புக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டியவர் அவர்.

சார்கோல் பேனல் என்ற பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. அது பெரும்பாலும் பாலிஸ்டிரீன் என்ற பிளாஸ்டிக்கில் கரித்தூளைக் கலந்து அச்சில் இழுத்தது. டிவிக்குப் பின்னால் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும். கணப்பின் வாயில் ஒட்டினால் முதலில் வளையும், அப்புறம் இளகும், பற்றிக்கொண்டால் கரும்புகையோடு எரியும். அப்படியே கரியில் செய்ததாக இருந்தாலும், கரி எரிகிற பொருள்தானே அம்மா!

பேனலைக் கழற்றும்வரை தீ மூட்ட வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு. கழற்றுவதற்கு முன் வளைந்த இடத்தைப் பக்கத்திலிருந்தும் தள்ளி நின்றும் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பலகையில் ஒரு துண்டை எறியாமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. கூகுள் பேயில் பணம் போன பதிவும், அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தால் பில் இல்லாததற்காகப் பயப்பட வேண்டாம். பில் தராமல் விடுவதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அவர் தராதது அவருக்குத்தான் பாதகம்.

அடுத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பதினைந்து நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு அவருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். மனு எழுதுவதற்கு மகளை உட்கார வையுங்கள். பிரச்சினையைத் தேதிவாரியாக எழுதினால் போதும்.

முகப்புக்கு என்ன செய்வது என்றால், பேனலை எடுத்ததும் உள்ளே இருக்கிற செங்கல்லை நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். பசையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு இரண்டு கை அடித்தால் கூடம் வெளிச்சமாகிவிடும். சுண்ணாம்பு எரியாது, நாறாது. செலவு 1,000 ரூபாயைத் தாண்டாது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஆணையத்தில் என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள்.

கணப்பைச் சுற்றி மரச் சட்டமும் மேல்பலகையும் இருக்கின்றன. கறுத்துப்போய் அழுதுவடிகிறது. வெள்ளை எனாமல் அடித்துவிடலாமா? எந்த கம்பெனி பெயின்ட் நல்லது?
— கோத்தகிரி வாசகி

எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் எந்த மரம் என்று பாருங்கள். தரையில் படுத்து மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கு டார்ச் அடியுங்கள். பாலிஷ் எட்டாத இடம் அங்கேதான் இருக்கும். ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடினால் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். தங்கப் பழுப்பாக, தேய்த்தால் எண்ணெய்ப் பசையோடு தோல் வாசனை வந்தால் தேக்கு. வெளிறிய மரத்தில் மீன் செதில் மாதிரி மினுமினுப்பு இருந்தால் சில்வர் ஓக்காக இருக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற அதே மரம்தான்.

சில்வர் ஓக், பிளைவுட் என்றால் தாராளமாகப் பெயின்ட் அடியுங்கள். ஈட்டியும் தேக்கும் என்றால் தயவுசெய்து வேண்டாம். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது அரக்கில் போட்ட பழைய பிரெஞ்ச் பாலிஷ். அறுபது எழுபது வருடப் புகையும் அதன் மேல் படிந்திருக்கிறது. கறுப்பு அந்தப் புகைதான், மரம் அல்ல. பாலிஷ் வேலை தெரிந்த ஆசாரி ஒருவர் மூன்று நாளில் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார். எனாமல் அடித்துவிட்டால் நாளை மனம் மாறினாலும் செதுக்கு வேலைக்குள் போன பெயின்ட்டை முழுதாக எடுக்க முடியாது.

முன்பே யாராவது பெயின்ட் அடித்திருந்தால் உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நெருப்பு வாயின் ஓரத்திலிருந்து மரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது? அமெரிக்கக் கட்டட விதிகளில் குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருக்கிற மரம், தள்ளியிருக்கிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே துருத்தக்கூடாது. நம்மூரில் இதை யாரும் அளந்து கேட்பதில்லை. நீங்களாவது அளந்து பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்து, கல்லில் செதுக்கிய முகப்பு ஆர்டர் கொடுத்தேன். முழுப்பணமும் 64,000 கட்டினேன். வந்து சேர்ந்தது. எங்கள் சுவரில் நான்கு அங்குலம் அதிகமாக இருக்கிறது, பக்கத்து ஜன்னலை மறைக்கிறது. அவர்கள் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?
— ஏற்காடு வாசகர்

நீங்கள் இணைத்திருந்த ஆர்டர் ரசீதில் அகலம் 60 அங்குலம் என்று தெளிவாக இருக்கிறது. வந்ததும் 60 அங்குலம். அவர்கள் எங்கே ஏமாற்றினார்கள்? 64,000 ரூபாய் கட்டுவதற்கு முன் ஐம்பது ரூபாய் டேப்பை எடுத்துச் சுவரில் வைத்திருக்க வேண்டும். சொன்ன அளவுக்குச் செதுக்கிய கல்லை அவர்கள் வேறு யாருக்கு விற்பார்கள்?

கல் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத் தூணிலும் இரண்டிரண்டு அங்குலம் அறுக்க முடியுமா என்று கேளுங்கள். வேலைப்பாடு ஓரம்வரை போகாமல் இருந்தால் முடியும்.

பழைய சாமான் கடையில் 'பிரிட்டிஷ் காலத்துப் பித்தளை' என்று கணப்புக்கு முன்னால் வைக்கிற தடுப்புச் சட்டம் 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வாரத்தில் மூலையில் துருப்பிடித்தது. காந்தம் ஒட்டுகிறது. கேட்டதற்கு, பில்லில் அச்சடித்திருக்கிற 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பதைக் காட்டுகிறார்.
— கோவை வாசகர்

ஏமாற்றியிருக்கிறார்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது, பித்தளை துருப்பிடிக்கவும் செய்யாது. அது முலாம் பூசிய இரும்பு. பில்லில் 'பித்தளை' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

அந்த அச்சடித்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது 2019 சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடு, எதுவும் இல்லை என்றால் முப்பது நாள். நீங்கள் இரண்டு வாரத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் பில் வாங்கியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். 2014-இல் எங்கள் கணப்பு முகப்பை மாற்ற நினைத்தேன். வெளியூரில் ஒரு கல் கடையில் 'இத்தாலி மார்பிள்' என்று வெள்ளை முகப்பு ஒன்றைக் காட்டினார்கள். 27,000 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டால் வரி சேர்ந்துவிடும் சார், எதற்கு வீண்?" என்றார்கள். நானும் சரி என்றேன். இரண்டாவது குளிர்காலத்தில் நெருப்பு வாய்க்கு மேலே, வளைவாக ஒரு பழுப்புக் கறை கிளம்பியது. துடைத்தால் போகவில்லை. தையல் ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பின்பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஊசி உள்ளே இறங்கியது. பிளாஸ்டிக் பக்கெட் எரிகிற நாற்றம். கல்தூளை ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையில் குழைத்து அச்சில் வார்த்த சாமான் அது. கடைக்குப் போய்க் கேட்டால், "எங்களிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்போதிருந்த 1986 சட்டப்படி பெரும்பாலும் விற்றவர் இருக்கிற ஊரில்தான் வழக்குப் போட வேண்டும். இப்போது நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். ஆனால் எந்த ஊரில் போட்டாலும் கையில் ஏதாவது வேண்டுமே!

பில் என்பது வரிக் கணக்குக்காக மட்டும் என்று நினைக்கிறோம். வாங்கியவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். அதிலும் 'மார்பிள் 1' என்று கிறுக்கித் தருவதை வாங்காதீர்கள். என்ன பொருள், எந்தக் கல், என்ன அளவு, சொன்ன வாக்குறுதி என்ன, எல்லாம் எழுத வேண்டும். "சூடு தாங்கும்" என்று வாயால் சொல்கிறாரா? "அதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் விட்டது சில ஆயிரம். போனது 27,000.

கல்லா, ரெசினா என்று கடையிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கல் ஜில்லென்று இருக்கும், ரெசின் சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடையுங்கள். பளிங்கு என்றால் அந்த இடம் மங்கும். இதே காரணத்துக்காகத்தான் வீட்டில் பளிங்கு முகப்பை எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதாலும் துடைக்கக்கூடாது. கடப்பாக் கல்லும் அப்படித்தான். குவார்ட்ஸ் என்று விற்பதிலும் ரெசின் கலந்திருக்கிறது. சமையல் மேடைக்குச் சரி, கணப்பை ஒட்டி வேண்டாம்.

அண்ணா, ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு. கணப்புக்குப் புது மர முகப்பு ஒன்றை ஒன்லைனில் 450 பவுணுக்குக் கிரெடிட் கார்ட்டில எடுத்தனான். மூலை வெடிச்சு வந்திருக்கு. திருப்பி அனுப்புற செலவு என்ர தலையில எண்டு சொல்லினம். வந்து ஒன்பது நாள்.
— லண்டன் வாசகர்

ஒன்பது நாள்தான் ஆகிறது, நல்லது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்கலாம். குறை அவர்களுடையது என்றால் திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. இன்றே மின்னஞ்சலில் 'நிராகரிக்கிறேன்' என்ற சொல்லோடு படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். இழுத்தடித்தால் கார்டு கம்பெனியிடம் போங்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கு, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு கம்பெனியையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது.

உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடம் என்று பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், பழைய முகப்பைக் கழற்றுவதற்கு முன் கவுன்சிலிடம் அனுமதி வேண்டியிருக்கும். கழற்றிவிட்டீர்களா என்று எழுதவில்லையே. கழற்றியிருந்தாலும் பழையதை எறிந்துவிடாதீர்கள்.

பழைய கணப்புக்குள் எலெக்ட்ரிக் ஃபயர் பிளேஸ் வைக்கலாமா? 2,000 வாட். பக்கத்தில் சின்ன பிளக்தான் இருக்கிறது.
— ஊட்டி வாசகர்

வைக்கலாம், ஆனால் அந்த பிளக்கில் வேண்டாம். 2,000 வாட் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத் தனி ஒயர் இழுத்த பிறகு வாங்குங்கள்.

சிம்னியை அடைத்துவிட்டோம். அழகுக்காக முகப்பை வைத்திருக்கிறோம். ராத்திரி மட்டும் ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டு உள்ளே வைத்துக்கொண்டால் என்ன?
— கோத்தகிரி வாசகர்

செத்துப்போவீர்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் விளக்கு வையுங்கள். கரி வேண்டாம்.

முகப்பைச் சுற்றி ஆத்தங்குடி ஓடு பதிக்க ஆசை. சூட்டுக்கு வெடித்துவிடும் என்கிறார் மேஸ்திரி. உண்மையா?
— குன்னூர் வாசகர்

முகப்பிலும், கணப்புக்கு முன்னால் உள்ள தரையிலும் பதிக்கலாம். நெருப்பு எரிகிற குழிக்குள் கூடாது. மேஸ்திரி சொல்வது பாதி சரி. ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் கொட்டி அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. சிமென்ட் நேரடி நெருப்பில் நொறுங்கும். குழிக்குள்ளே நெருப்பைத் தாங்குகிற செங்கல்லான ஃபயர் பிரிக்கும், அதே வகைக் களிமண்ணான ஃபயர் கிளேயும்தான்.

வாங்கும்போது ஒரே ஒரு ஓடு விலை கொடுத்து வாங்கி, கடைக்காரர் முன்னாலேயே உடைத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் வண்ணம் கண்ணுக்குத் தெரிகிற பருமனில் ஓட வேண்டும். பென்சில் கோடு போல மெல்லிசாக இருந்தால் இரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும். பார்க்க அதே மாதிரி இருக்கிற, பூ அச்சடித்த செராமிக் ஓட்டையும் அதே பெயரில் விற்கிறார்கள். அதன் பின்பக்கம் சிமென்டாக இருக்காது, பார்த்தால் தெரிந்துவிடும். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். கையால் கலக்குகிற வண்ணம், அடுத்த தடவை அதே நிறம் வராது. புகை பட்டால் கறை ஏறும் என்பதால் பதித்துக் காய்ந்ததும் சீலர் ஒரு கை போடச் சொல்லுங்கள்.

எங்கள் கணப்பின் உள்சட்டம் வார்ப்பிரும்பு. ரயில் வருவதற்கு முன்னால் மாட்டுவண்டியில் மலையேறி வந்தது என்று தாத்தா சொல்வார். முழுக்கத் துரு. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— குன்னூர் வாசகர்

கொடுக்காதீர்கள்! குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். தாத்தா சொன்னது சரியென்றால் அந்தச் சட்டத்துக்கு நூற்றிருபது வயதுக்கு மேல். எடைக்கு வாங்குகிறவர் அதை உருக்கமாட்டார், சுத்தம் செய்து பத்து மடங்கு விலைக்கு விற்பார்.

வார்ப்பிரும்பில் துரு பெரும்பாலும் மேலோடுதான். விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும், 'டொக்' என்றால் எங்கோ விரிசல். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் அடுத்த வேலை. நெருப்புப் படாத வெளிப்பக்கத்துக்கு கிராஃபைட் தூளைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் பூவேலைக்குள் தேய்த்து, காய்ந்ததும் துணியால் மெருகேற்றினால் கருஞ்சாம்பல் பளபளப்பு வரும். சூடு அதிகம் படுகிற இடத்துக்கு, டப்பாவில் 600 டிகிரி என்று எழுதியிருக்கிற வெப்பம் தாங்கும் பெயின்ட் வாங்குங்கள். சாதாரண கறுப்பு எனாமலைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள்; உரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று தடவை சின்னதாகத் தீ மூட்டுங்கள். பெயின்ட் வேகும்போது வாடை வரும், அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.